ஷிப்டுக்கு முன்பே எழுதிய சீட்டு

அறுபதுகளில் கோலார் தங்க வயலில், ஒரு மைன் ஆபீசில் எனக்குக் கிடைத்த வேலை, சுவரில் மாட்டிய பெரிய வரைபடத்தில் சிவப்பு மை பூசுவது. பூமிக்கடியில் பாறை சரியாமலிருக்கக் கருங்கல் சுவர் எழுப்பிக்கொண்டே போவார்கள். எத்தனை அடி எழுந்தது என்று மேஸ்திரி தினமும் சீட்டு கொடுப்பார். அத்தனை அடிக்கு நான் சிவப்பு பூசுவேன். சிவப்பு எதுவரை வந்திருக்கிறதோ அதுவரை ஆட்களை அனுப்புவார்கள். என் கோடு துளி பிசகாது. அதில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் உண்டு.

ஆனால் அந்தச் சீட்டு எப்போது எழுதப்படுகிறது என்று எனக்குத் தெரியும். ஷிப்டு முடிந்ததும் மேலே தூக்கிவரும் கேஜ் கூண்டில் இடம் பிடிக்கவே அடிதடி. அப்போது எவன் நின்று எழுதுவான்? அதனால் மேஸ்திரி காலையில், இறங்குவதற்கு முன்பே, அன்றைக்குக் கட்டப்போவதை எழுதி என் ஜன்னலில் நீட்டிவிடுவார்.

"எப்டியும் கட்டிடுவோம், எழுதிக்கப்பா."

ஒரு நாள் குறைந்தால் மறுநாள் சேர்த்துக் கட்டுவார்கள். மாதக் கடைசியில் சர்வேயர் டேப் பிடித்து அளக்கும்போது எல்லாம் ஒத்துப்போகும். ஒத்துப்போகிறதே என்று நானும் வாயைத் திறக்கவில்லை. அக்கா வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்ததுகூட உண்டு.

ஒரு நாள் கல் வண்டி தடம் புரண்டு, கல்லே போய்ச் சேரவில்லை. சுவர் ஓர் அடிகூட எழவில்லை. சீட்டில் ஆறடி. நான் ஆறடிக்கும் அழகாகச் சிவப்பு பூசினேன். மறுநாள் காலை அந்த இடத்தில் துளை போட அனுப்பப்பட்டவர் என் அக்கா புருஷன்.

சுவரைக் காணோமே என்று மாமா கேட்டிருக்கிறார். "மேல படத்துல முடிஞ்சி கீது, போய்யா" என்று பதில் வந்திருக்கிறது. பாறை இறங்கியது. வலது காலை முட்டிக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில், ஆறடி கட்டியது நிஜம், சரிந்த பாறைக்கடியில் கிடக்கிறது என்று மேஸ்திரி சாதித்தார். அப்படியானால் சுவரின் எல்லை தாண்டிப் போனது மாமாவின் தப்பு என்றாகிவிடும். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள், இந்த ஆறடி சரியா என்று.

"சீட்டுல உள்ளபடி சரி சார்" என்றேன்.

எப்பேர்ப்பட்ட பதில் பாருங்கள். பொய்யும் இல்லை, வேலைக்கும் ஆபத்தில்லை. படம் சுத்தமாக இருக்கிறதென்று அதிகாரி என்னைப் பாராட்டினார். மாமா ஊன்றுகட்டையை அணைத்துக்கொண்டு எதிர் பெஞ்சில் அக்காவோடு உட்கார்ந்திருந்தார். தப்பு அவருடையது என்று எழுதி முடித்தார்கள்.

ஜட்காவில் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தோம். வீட்டு வாசலில் இறங்கியதும் அக்கா கேட்டாள்.

"அந்தாளு காலையிலயே எழுதறது உனக்குத் தெரியுந்தானேடா? அத அங்க ஏன் சொல்லல?"

மாமாதான் பேசினார்.

"வுடு. சொல்லியிருந்தா அவன் வேல போயிருக்கும்."

அதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

"உங்க காலு போயிடுச்சே" என்றாள் அக்கா.

அவள் அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்த வேலையில் நான் இன்னும் பதினோரு வருஷம் இருந்தேன்.