பந்தியில் பன்னிரண்டு விநாடி

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே, பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இருக்கிறது தைரியராஜ் வீடியோ. அந்த அறைக்குள் பிரேமலதா கடலைக் கொண்டுவந்திருக்கிறாள், பனிமலையைக் கொண்டுவந்திருக்கிறாள், ஒருமுறை பதினேழு அன்னப்பறவைகளையும் கொண்டுவந்திருக்கிறாள். துறையூரைத் தாண்டாத மாப்பிள்ளைகளை ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிட்டவள் அவள். செத்துப்போன தாத்தா ஒருவரைப் பழைய கேசட்டிலிருந்து வெட்டியெடுத்து, பேரன் கல்யாணத்தில் அட்சதை போட வைத்தாள். அதைப் பார்த்த பங்காளி ஒருவர், "ஆளு உயிரோடதான் இருக்காரா? அப்ப பாகம் பிரிச்சதே செல்லாதே!" என்று நேரே வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டார். அப்படிப்பட்ட கைகாரிக்கு, தன் தங்கையை ஒரே ஒரு வார்த்தை பேசவைக்க முடியவில்லை.

கேட்டது அம்மா. பொன்னுத்தாய்க்கு எழுபத்து நாலு வயது. சர்க்கரை நோய் போன வருஷம் இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டது. தங்கை மலர்க்கொடி பத்து வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகி இரண்டாம் வருஷத்தில், டெங்குக் காய்ச்சலில் நாலே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள். திருவானைக்காவல் வீட்டுச் சுவரில் அவள் படம் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தது. பார்வை இருந்தவரை அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

"தடவித் தடவிப் பாக்குறேன், கண்ணாடிதான் தட்டுப்படுது" என்றாள் அம்மா. "மலரு பேசினதைப் போடுடி. ஊரு உலகத்தையே பெட்டிக்குள்ள அடைச்சு வச்சிருக்கியே நீ."

"இதுக்கென்னம்மா, நாளைக்கே கொண்டாரேன்."

யோசிக்காமல் சொன்ன வார்த்தை. மறுநாள் அலுவலகத்தில் தங்கையின் கல்யாண வீடியோவைப் போட்டுக் காதில் ஹெட்போனை மாட்டியபோதுதான் பிரேமலதாவுக்கு உறைத்தது. மலர்க்கொடி சிரித்தாள், தோழிகளை அதட்டினாள், மாப்பிள்ளையிடம் ஏதோ கிசுகிசுத்தாள். வாய் அசைந்தது. கேட்டதோ பாட்டு. இரண்டு மணி நாற்பது நிமிஷமும் பாட்டு, நாதஸ்வரம், மறுபடியும் பாட்டு.

அந்தப் பாட்டை அங்கே போட்டவளும் அவள்தான்.

இருபத்திரண்டு வயதில், கல்யாண வீடியோக்களில் மணமக்கள் பெயரைத் தட்டச்சு செய்ய வந்தவள் பிரேமலதா. இரண்டு வருஷத்தில் எடிட்டிங் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. ஆயிரம் கல்யாணங்களை உள்ளே புகுந்து பார்த்தவளுக்கு ஆசை மிஞ்சாது என்று அவளே சிரித்துக்கொள்வாள். அவள் சேர்ந்த புதிதில் வீடியோக்களில் மனிதர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு பெண்வீட்டு அத்தை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தாள். தாலி கட்டும் நேரத்தில், கேமரா பக்கத்தில் நிற்பது தெரியாமல், "சம்பந்தியம்மா பல்லைப் பாத்தியா? அதுலயே தேங்காய் திருவலாம்" என்று சொல்லிவிட்டாள். வேலை மும்முரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தலைதீபாவளி அன்று இரண்டு குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தபோது தெளிவாகக் கேட்டது. நமத்துப்போன பட்டாசெல்லாம் அன்றைக்குத் தானாக வெடித்ததாகத் தெருவில் இன்னும் சொல்கிறார்கள்.

முதலாளி தைரியராஜ் அன்றே சட்டம் போட்டார். "இனிமே நம்ம வீடியோல நாயனம் கேக்கலாம், மந்திரம் கேக்கலாம், பாட்டு கேக்கலாம். மனுஷன் வாய் மட்டும் கேக்கக் கூடாது."

அன்றிலிருந்து எந்தக் கல்யாணம் வந்தாலும், பிரேமலதா முதல் வேலையாக அசல் சத்தத்தை இறக்கிப் பூஜ்யத்தில் வைத்துவிடுவாள். குளித்ததும் பொட்டு வைத்துக்கொள்வது மாதிரி, கை தானாகப் போகும். தங்கை கல்யாணத்துக்கு இன்னும் கவனமாகச் செய்தாள். இசை இல்லாத ஒரு விநாடிகூட வைக்கவில்லை. வெட்டாத மூலப் பதிவு? அடுத்த தை முகூர்த்தங்களுக்கு இடம் வேண்டும் என்று அழித்தாயிற்று. "நிச்சயமாக அழிக்கவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டதும், ஒரு கையில் வடையோடு மறுகையால் 'ஆம்' அழுத்தியதும் நேற்று நடந்தது மாதிரி நினைவிருந்தது.

மலர்க்கொடியிடம் இருந்தது பட்டன் போன். அவள் புருஷன் துறையூரில் வேறு கல்யாணம் செய்துகொண்டு இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான். கூப்பிட்டுக் கேட்டதற்கு மரியாதையாகத்தான் பதில் சொன்னான். "அந்த போனெல்லாம் அப்பவே போச்சுங்க. எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க."

தினமும் சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா கேட்பாள்: "கொண்டாந்தியா?"

"மிஷின் ரிப்பேர்மா." "கரண்ட் இல்லம்மா." "ஓனர் சாவியை எடுத்துட்டுப் போயிட்டாரு."

வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று சொந்தக்காரர் வீடியோ ஒன்றையும் அவள் விடவில்லை. ஒவ்வொன்றிலும் எங்காவது ஓர் ஓரத்தில் மலர்க்கொடி நின்றாள். ஒவ்வொன்றிலும் அவள் வாயைத் திறந்தால் யாரோ ஒரு பாடகி பாடினாள். மூன்றாவது வாரம் செருப்புச் சத்தம் கேட்டும் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துப் படுத்திருந்தாள். பிரேமலதாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

வழி சொன்னவர் கேமராமேன் கலீம். "லதாக்கா, லால்குடி வீரம்மாள் வீட்டுக் கல்யாணம் ஞாபகமிருக்கா? உங்களுக்குக் காய்ச்சல். அப்படியே உக்காந்து எடிட் பண்ணிக் குடுத்தீங்க. நடுவுல பந்தி இரைச்சல் வருதுன்னு அந்தம்மா வந்து ஆடித் தீர்த்துச்சே! நீங்ககூட வேற போட்டுக் குடுத்தீங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"அந்தப் பந்தியில உங்க தங்கச்சி, புருஷன் வீட்டு ஆளுங்களோட உக்காந்திருந்துச்சு. நான்தானே எடுத்தேன்."

ஆயுளில் ஒரே ஒரு நாள் மோசமாய் வேலை பார்த்திருக்கிறாள். அந்த ஒரு நாளில் மட்டும் தங்கை பேசியிருக்கிறாள். பிரேமலதா அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு லால்குடி பஸ்ஸில் ஏறினாள்.

வீரம்மாள் வீட்டுக் கொல்லையில் பப்பாளி மரத்தைச் சுற்றிப் பழைய டிஸ்க்குகள் கயிற்றில் மினுங்கின. காக்கையை விரட்டவாம். அந்த மரத்திலேயே அசந்து தூங்கிக்கொண்டிருந்தது ஒரு காக்கை. தேடி வந்ததும் இதில் தொங்குகிறதோ என்று பிரேமலதா ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தாள்.

"யாரு, வீடியோக்கார அம்மாவா?" என்றாள் வீரம்மாள். "பதினோரு வருஷம் கழிச்சு மன்னிப்புக் கேக்க வந்தீங்களாக்கும்."

"அந்த மொதல் டிஸ்க்கு இருக்குங்களா? கெட்டுப்போனது?"

"நல்லதைத்தான் மரத்துல கட்டிட்டேன். கெட்டதை பீரோவுல வச்சிருக்கேன். நாளைக்கு நீங்க மாத்திப் பேசினா சாட்சி வேணாமா?" பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும், "மெதுவா எடுத்துட்டுப் போங்கம்மா. திருப்பித் தரவேணாம்" என்றாள்.

மறுநாள் கலீம் பரணிலிருந்து டிஸ்க் போடும் பழைய கம்ப்யூட்டரை இறக்கித் தூசி தட்டினார். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்குமுன் பன்னிரண்டு விநாடி. தண்ணீர் வாளி இழுபடும் சத்தம், "ரசம், ரசம்" என்று ஒரு குரல், இலைக்கு முன்னால் மலர்க்கொடி. கையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"எடுங்கண்ணே, எடுங்க. நான் திங்கிறதையெல்லாம் எங்கக்கா எப்படியும் வெட்டிடும்."

பாட்டு வந்து மூடிக்கொண்டது. கலீம் அறையை விட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அன்று பிரேமலதா அதைப் போனில் ஏற்றிக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, போனை அவள் காதோடு சேர்த்து வைத்தாள். பன்னிரண்டு விநாடி ஓடியது. அம்மாவின் முகம் மலர்ந்தது, பிறகு மெல்ல மெல்லச் சாதாரணமானது.

"அவ என்னைக்குடி உன்னை அக்கான்னா?" என்றாள். "லதா, லதான்னுதானே பேரைச் சொல்லிக் கத்துவா. எத்தனை அடி வாங்கியிருக்கா அதுக்கு."

"வெளியாளுகிட்டம்மா. கேமரா எடுக்கிற கலீம்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கா."

எனக்கே இப்போதுதான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அம்மா அவள் கையைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். "நீ நல்லாத்தான் பேசியிருக்க. அவளாட்டமேதான் இருக்கு. போன்ல ரெண்டு பேரையும் மாத்தி மாத்தித்தானே கூப்பிடுவேன் நான்."

"அம்மா, சத்தியமா அவதாம்மா. பந்தியில உக்காந்து பேசுறா. இலைச்சத்தம் கேக்கலையா?"

"சரி, சரி. அவதான். விடு." பிடிவாதம் பிடிக்கும் பிள்ளைக்குச் சொல்லும் குரலில் சொன்னாள் அம்மா. "எனக்காக எவ்வளவு அலைஞ்சியோ. போய்ச் சாப்பிடு." மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிரேமலதா அடுப்படியில் நின்று அதை மறுபடி போட்டாள். வாளி, ரசம், சிரிப்பு, 'எடுங்கண்ணே'. இன்னொரு தடவை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இன்னொரு தடவை. காலையில் தங்கையாக இருந்த குரல், கேட்கக் கேட்க விலகிக்கொண்டே போனது. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ அவள் காதிலும் பிரேமலதாதான் பேசினாள்.