பழத்துக்கு முன்னால் ஆயில் கம்பி

அப்பாவிடம் ஒரு ஜீப் இருந்தது. கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஆள் ஏற்றி ஓட்டினார். அமாவாசைதோறும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டால் அடுத்த அமாவாசை வரைக்கும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்பது ஸ்டாண்டு டிரைவர்களின் தீர்மானம். எங்கள் வீட்டில் மட்டும் பழங்களை அம்மா முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வாள். எஞ்சினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஆயில் கம்பியை அப்பா உருவிக் காட்டினால்தான் முடிச்சு அவிழும்.

"அம்மனே கேக்கல, நீ இன்னா கேக்கற" என்பார் அப்பா.

"அம்மனா வண்டி ஓட்டுது? நீங்கதான ஓட்டறீங்க."

அப்பா கம்பியைத் துடைத்து, முக்கி, எடுத்து நீட்டுவார். தெருவே சிரிக்கும். எட்டு வயதில் எனக்கு மானம் போகும்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஜீப் ஒரு வாரமாக வாசலிலேயே நின்றது. அப்போதும் அம்மா விட்டாளா? தினமும் காலையில் அப்பா ஏறி உட்கார்ந்து, எங்கேயும் போகாமல், பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு இறங்க வேண்டும்; இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடுமாம். "இன்னாப்பா, டில்லி போய் வந்துட்டியா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்பார். நான் உள்ளே ஓடிவிடுவேன்.

அந்த வாரத்திலேயே அமாவாசையும் வந்தது. ஓடாத வண்டிக்குப் பூசை எதற்கு என்று அப்பா நழுவப் பார்த்தார்.

"சும்மாதான நின்னுக்கினு இருக்குது, சக்கரத்தக் கழட்டிப் பாத்துடுங்க" என்றாள் அம்மா.

அடுத்த தெரு மெக்கானிக்கும் கடையைச் சாத்திவிட்டு வீட்டில்தான் இருந்தார். வந்து பின் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக் ஆயில் கசிந்து ஈரமாக இருந்தது. ரப்பர் வாஷர் நைந்துபோயிருந்தது. "இதோட மலை எறங்கியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பாவம், சொல்ல வந்ததை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் கடையின் பின்வாசல் வழியாகப் புது வாஷர் வந்தது. அதை மாட்டிய பிறகுதான் அன்றைக்குப் பழம் நசுங்கியது.

மறியல் முடிந்து மரங்களை ஓரமாக இழுத்துப் போட்ட அன்று காலையில், வெள்ளிமலையிலிருந்து ஒருவர் நடந்தே இறங்கி வந்து சேர்ந்தார். அப்பாவின் தங்கை அங்கே வாத்தியார் மாமாவுடன் இருந்தார், நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி வருவதற்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று நர்சம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்பா சாவியைத் திருப்பினார். ஜீப் உடனே எழுந்துகொண்டது. நாங்கள் ஸ்டாண்டைக் கடந்தபோது மற்ற ஜீப்புகளை நாலு நாலு பேராகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவை இருமிவிட்டு அடங்கின. அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் விட ஆள் இல்லாததால் நானும் போனேன். பள்ளிக்கூடம் திறந்ததும் சொல்ல ஒரு கதை கிடைக்கப்போகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அத்தையை ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போதே அவருக்கு வலி எடுத்துவிட்டது. அம்மா மடியில் தலைவைத்து முனகிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அம்மா அத்தையைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதிக்கும் அப்பாவின் காலையே பார்த்தாள். நான் பள்ளத்தையே பார்த்தேன். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நின்று, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

சாயங்காலம் ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். எல்லாம் அமாவாசைப் பழத்தின் மகிமை என்றார் வாத்தியார் மாமா. அம்மா அதற்கும் தலையாட்டினாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"ஒண்ணுமே நடக்கலியேம்மா. பள்ளிக்கூடத்துல இன்னான்னு சொல்றது?"

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். "ஆமாண்டி, ஒண்ணுமே நடக்கல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே, யாரும் கேட்காமலேயே, அப்பா ஆயில் கம்பியை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் களைப்பில் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது.