எந்த மொழியும் இல்லாத படம்

என் அக்கா நர்ஸ். இருபத்தாறு வருடமாகச் சர்க்கரை நோயாளிகள் வார்டுதான். இன்சுலின் ஊசியை எங்கே போட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டைத்தண்ணி வற்றிப்போய், ஒரு நாள் படமாகவே வரைந்துவிட்டாள். ஒரு வயிறு, அதில் நான்கு கட்டம், நடுவில் தொப்புள். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருக்கக் கூடாது என்பதால், கட்டங்களுக்குள் முதல் வாரம், இரண்டாம் வாரம் என்று தமிழில் எழுதினாள். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வட்டம் போட்டு, 'இங்கே வேண்டாம், கண்ணு' என்றும் எழுதினாள். வார்டில் எண்பது வயதுக் கிழவரும் அவளுக்குக் கண்ணுதான்.

அதை இணையக் கலைக்களஞ்சியத்தின் தமிழ்ப் பக்கத்தில் ஏற்றியவன் நான். பகலில் பள்ளிக்கூட ஆபீஸில் சர்டிஃபிகேட் எழுதுகிற குமாஸ்தா, அங்கே நிர்வாகி. தலைகால் புரியவில்லை எனக்கு. படத்துக்கு மொழி ஏது, எல்லா மொழிக்காரர்களுக்குமான பொதுக் கிடங்கில் வைப்போம், தமிழில் தனியாகப் படம் ஏற்றுவதை அடியோடு நிறுத்துவோம் என்று இரண்டு பக்கம் எழுதி வாக்கெடுப்பு வைத்தேன். வாக்களித்தது எட்டுப் பேர், எட்டும் ஆதரவு. எட்டாவது ஆள் அக்கா, தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று.

எல்லா மொழிக்கும் பொது என்றால் படத்தில் ஒரு மொழியும் இருக்கக் கூடாதே. எழுத்தை அழித்துவிட்டுக் கட்டங்களுக்கு ஒன்று முதல் நான்கு, தொப்புளுக்கு ஐந்து என்று எண் போடச் சொன்னேன். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதை அவரவர் மொழிப் பக்கத்தில், படத்துக்குக் கீழே எழுதிக்கொள்வார்கள். கண்ணுவும் போச்சா என்று சிரித்துக்கொண்டே அழித்தாள். புதியதைக் கிடங்கில் ஏற்றிவிட்டு, தமிழில் இருந்த பழைய படத்தை நானே நீக்கினேன்.

மூன்று வருடத்தில் பதினொரு மொழிகள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டன. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறகு வேறு மொழிக்காரர் ஒருவர், நல்ல மனுஷராகத்தான் இருப்பார், படத்தை அழகாகத் திருத்தி நடுவிலிருந்து எண் போட்டார். தொப்புள் ஒன்று ஆயிற்று. தமிழ்ப் பக்கத்தில் படம் தானாக மாறியது, கீழே இருந்த எழுத்து மாறவில்லை. 'ஒன்று: முதல் வாரம் இங்கே.'

ஒரு தச்சர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. மனைவிக்கு ஊசி போடுகிறவர் அவர். சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தைப் பாருங்கள் என்று அக்காதான் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தம்மாவுக்குத் தொப்புளைச் சுற்றிக் கன்றிப்போயிருந்தது, சர்க்கரையும் இறங்கவில்லை.

"நம்பர் பாத்துத்தான் சிஸ்டர் போட்டேன்" என்று போனை நீட்டினாராம். அக்கா அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

அன்று மாலையே படத்துக்கு ஏற்றபடி எழுத்தை மாற்றினேன். இரண்டு வாரத்தில் வேறொருவர் எண்ணை மறுபடி மாற்றினார். கிடங்கின் பேச்சுப் பக்கத்தில் என் அரைகுறை இங்கிலீஷில் சண்டை போட்டேன். பதினொரு மொழிகள் பயன்படுத்துகின்றன, ஒன்றுக்காக மாற்ற முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அக்கா வரைந்ததைக் கிடங்கிலேயே வேறு பெயரில் ஏற்றினேன். ஏற்கெனவே உள்ள படம்தான் என்று தூக்கிவிட்டார்கள். கடைசியில் விதியை மீறி, நான் நீக்கிய பழைய தமிழ்ப் படத்தை மீட்டேன். ஒரு மணி நேரத்தில் சக நிர்வாகி அதை அழித்தார். காரணமாக அவர் போட்டிருந்தது என்னுடைய அதே இரண்டு பக்கத்தை. என் வாயை நானே அடைத்திருக்கிறேன், யார்மேல் கோபப்படுவது?

மறுநாள் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ அட்மின்தானே?"

"தமிழுக்கு மட்டும்தான்க்கா."

"அப்ப தமிழ்லேருந்தாவது அதை எடுத்துடு. இன்னொருத்தர் வயித்துல குத்துறதுக்குள்ள."

எடுத்தேன். காரணம் எழுதச் சொல்லிப் பெட்டி வந்தது. 'இந்தப் படத்தை நம்ப வேண்டாம்' என்று எழுதினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா அதைப் படித்தாள்.

"வரைஞ்சவ சொன்னான்னு போடு" என்றாள்.

போட்டேன்.