கில்டோரன் ஸ்டேஷனும் இஷ்பெல் ரென்னியின் கையும்

கில்டோரனில் பொது இடத்தில் கையை வீசுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் குடித்தவர், இன்னொருவர் ஏரியில் மூழ்கிக்கொண்டிருப்பவர். மற்றவர்களுக்குக் கை இருக்கும் இடம் கோட்டுப் பை. எதிரே ஆள் வந்தால் தலையை லேசாகச் சாய்ப்பார்கள், அதுவே பெரிய உபசாரம். அப்படிப்பட்ட ஊரில் போய் இஷ்பெல் ரென்னி பிறந்தது அவளுக்கும் கஷ்டம், ஊருக்கும் கஷ்டம். அவள் பேக்கரியில் பேசினால் தேவாலயத்தில் கேட்கும்.

ரயில்வே சிக்கனம் பார்த்துச் சின்ன ஸ்டேஷன்களை வரிசையாக மூடிய காலத்தில் கில்டோரனையும் மூடினார்கள். தண்டவாளத்தை எடுக்கவில்லை. ரயில் எப்போதும்போல ஊர் நடுவே போனது, நிற்காமல் போனது, அவ்வளவுதான். ஊரார் தலையைச் சாய்த்து அதையும் ஏற்றுக்கொண்டார்கள். இஷ்பெலுக்கு ரோஷம் வந்தது, அவள் புருஷன் ராப் கூரையிலிருந்து விழுந்து, தெற்கே இன்வர்நெஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில்தான். நோயாளிகளைப் பார்க்கும் நேரம் சாயங்காலம். இருந்த ஒரே பஸ் காலையில் போய் மத்தியானமே திரும்பிவிடும். அவள் கொல்லையில் துணி உலர்த்தும்போது, கொடிக்கு அந்தப் பக்கம் இன்வர்நெஸ் ரயில் காலிப் பெட்டிகளோடு போகும்.

ராப் ஒரு கால் விந்தியபடி வீடு வந்து சேர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளாச்சும் வந்து எட்டிப் பாத்தியா?"

"நீ எட்டிப் பாக்கற தூரத்துலயா படுத்திருந்த?" என்றாள் இஷ்பெல்.

மறுநாள் அவள் புல் முளைத்த பிளாட்பாரத்தில் ஏறி நின்று, வந்த ரயிலைப் பார்த்துப் பாத்திரம் துடைக்கும் துணியை வீசிக் காட்டினாள். ரயில் நிற்கவில்லை. அடுத்த நாளும் வீசினாள். வருஷக்கணக்காக வீசினாள். டிரைவர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். நடுவில் எம்.பி.யைத் தேர்தல் கூட்டத்தில் மடக்கினாள், ரயில்வே பெரியவர்களின் விருந்துக்கு அழைப்பில்லாமல் போய் நின்றாள். பக்கத்துப் பண்ணையில் ஆடு வளர்க்கும் ஃபின்லே கன், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன இஷ்பெல், இன்னிக்கும் ரயில் உன்னக் கண்டுக்கலையா?" என்று தினமும் விசாரிப்பார். அவரிடம் வேன் இருந்தது. வேன் உள்ளவருக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

கடைசியில் தொல்லை தாங்காமல் ரயில்வே இறங்கி வந்தது. ஒரு கோடைக்காலம் மட்டும் சோதனை. அதுவும் கை காட்டினால் நிற்கும் நிறுத்தம். ஏறுகிறவர் பிளாட்பாரத்தில் நின்று கையை நீட்ட வேண்டும், இறங்குகிறவர் முன்னாலேயே கார்டிடம் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ரயில் தன் வழியே போய்விடும்.

இஷ்பெல் பழைய டிக்கெட் அறையைக் கழுவி டீக்கடை போட்டாள். கொதிக்கும் டீ, பன்றிக்கறி வைத்த பன், சனிக்கிழமை மட்டும் ஸ்கோன் என்ற வெண்ணெய் ரொட்டி. ஏரி வளைவில் ரயில் தெரிந்ததும் கடையை அப்படியே விட்டு ஓடிவந்து கையை நீட்டுவாள். ஒருவருக்கும் நீட்டுவாள், பத்துப் பேருக்கும் நீட்டுவாள். ஊரார் பின்னால் கோட்டுப் பையில் கையோடு நிற்பார்கள், ரயில் நிற்கும், ஏறிக்கொள்வார்கள். இத்தனை வருஷம் நிற்காத ரயில் தன் ஒரு கைக்கு நிற்பதில் இஷ்பெலுக்கு அப்படியொரு பெருமை. இன்னொருவர் நீட்டட்டுமே என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. மற்றவர்களைக் கூட்டிவந்து கூட்டிவந்து ரயிலேற்றியவள், ஒரு தடவைகூடத் தான் ஏறியதில்லை. கடையை யார் பார்ப்பது?

கோடை முடியும் தறுவாயில் சேதி வந்தது. ரயில்வேயிலிருந்து ஹால்டேன் என்ற அதிகாரி காலை ரயிலில் வடக்கே போகிறார், மத்தியானம் அதே வழியாகத் திரும்புகிறார். கில்டோரனில் யார் ஏறுகிறார்கள் என்று ஜன்னல் வழியே பார்ப்பார். அதைப் பொறுத்துத்தான் நிறுத்தம் இருக்கும், இல்லாவிட்டால் போகும்.

அன்றைக்கு வடக்கே ஆட்டுச் சந்தை. இஷ்பெல் வீடு வீடாகப் போய், சந்தைக்குப் போகிறவர்கள் ரயிலில்தான் போக வேண்டும் என்று மிரட்டியிருந்தாள். பிளாட்பாரம் நிறைந்துவிட்டது. வேன் பழுதானதால் ஃபின்லேயும் வந்திருந்தார். பாதிரியாரின் மனைவி ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டிருந்தார். இஷ்பெலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ரயில் நிற்கிற ஒரு நிமிஷத்தில் அதிகாரிக்கு ஜன்னல் வழியாக டீ கொடுக்க வேண்டும் என்று புதிதாக ஓர் ஆசை. நல்ல பீங்கான் கோப்பை, தட்டு நிறைய ஸ்கோன், பால், சர்க்கரை. இரண்டு கையிலும் தட்டைத் தாங்கிக்கொண்டு அவள் டிக்கெட் அறையிலிருந்து வெளியே வந்தபோது ரயில் வளைவு திரும்பி வந்துகொண்டிருந்தது.

வழக்கமான டிரைவர் டூகியாக இருந்தால் அவள் முகத்தைப் பார்த்தே நிறுத்தியிருப்பார். அன்று அவருக்கு விடுப்பு. வந்தவர் புதியவர், சட்டப்படி ஓட்டுகிறவர். வேகத்தைக் குறைத்துப் பிளாட்பாரத்தைப் பார்த்தார். அத்தனை பேர் நின்றார்கள், ஒரு கைகூட வெளியே வரவில்லை. ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டார். கடைசிப் பெட்டியின் ஜன்னலில், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனிதர் ஆச்சரியமாக இவர்களைப் பார்த்துக்கொண்டே போனார்.



"ஏன்யா, ஒருத்தருக்குமா கை இல்ல?" இஷ்பெல் தட்டோடு ஊரார் பக்கம் திரும்பினாள்.

"நீ நீட்டுவன்னு நெனச்சோம்" என்றார் ஃபின்லே.

"நான் தட்டு வெச்சிருந்தது தெரியலையா?"

"தெரிஞ்சுது. ஆனா உன் வேலைய நாங்க பிடுங்கினா நல்லாவா இருக்கும்?"

அவளுக்கு ஃபின்லேயைத் தட்டோடு அடிக்க வேண்டும் போலிருந்தது. அதைவிட அதிகமாகத் தன்மேல்தான் கோபம். கோடை முழுக்கத் தானே நீட்டி, ஊரையே கையில்லாதவர்களாக ஆக்கிவிட்டது தான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. டிக்கெட் அறையில் போய் உட்கார்ந்து அழுதாள், சத்தமாகத்தான். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"மத்தியானம் அந்த ஆள் திரும்பி வருவாரு. யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. ராப், நீதான் ரயிலு."

"வடக்க போறதா, தெக்க போறதா?" என்றார் ராப்.

"வாய மூடிட்டு வா."

"வாய மூடினா ஹாரன் எப்படி அடிக்கறது?"

ராப் விந்தி விந்திப் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஊதிக்கொண்டே வந்தார். ஊரார் கையை நீட்டிப் பழகினார்கள். பாதிரியாரின் மனைவிக்குக் கை கைப்பை உயரத்துக்கு மேல் போகவில்லை. பேக்கரிக்காரர் நீட்டிவிட்டு உடனே தலையைச் சொறிவதுபோல் மாற்றிக்கொண்டார். ராப் நிற்காமல் அவர்களைத் தாண்டிப் போனார்.

"பிச்சை கேக்கற மாதிரி இருக்கு" என்றார் ஃபின்லே. அவர் கை பையை விட்டு வரவேயில்லை. "ஒரு ரயிலப் போய் நில்லுன்னு அதிகாரம் பண்றது மரியாதையா?"

"மரியாதையப் பாத்துதான் காலைல போயிடுச்சு. மறுபடி போச்சுன்னா இனி வராது ஃபின்லே."

மத்தியான ரயில் வளைவில் தெரிந்தது. இஷ்பெல் இரண்டு கையையும் இடுப்பில் கட்டிய ஏப்ரனுக்குள் சுற்றி இறுக்கிக்கொண்டாள். நீட்டிவிடலாம், ஒரு நொடி வேலை. நீட்டினால் இன்றைக்கு நிற்கும், நாளைக்கு அவள் காய்ச்சலில் படுத்தால் நிற்காது. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரயில் நெருங்கியது. யாரும் அசையவில்லை. அவள் கை ஏப்ரனுக்குள் துடித்தது.

அப்போது பக்கத்தில் ஒரு கோட்டு சரசரத்தது. ஃபின்லேயின் கை வெளியே வந்து, வேலிக்கம்பம் மாதிரி விறைப்பாக நீண்டது. முகம் சிவந்துபோயிருந்தது. அதைப் பார்த்ததும் பேக்கரிக்காரர் நீட்டினார், பாதிரியாரின் மனைவி கைப்பையோடு சேர்த்தே நீட்டினார், பிளாட்பாரம் முழுக்கக் கையாகிவிட்டது. டிரைவர் பதறிப்போய் பிரேக்கைப் பிடித்தார்.

ரயில் நின்றது. ஹால்டேன் கதவைத் திறந்து இறங்கினார். "காலைல இத்தன பேர் நின்னீங்க, ஒருத்தரும் வண்டிய நிறுத்தல. ஏன்?"

"அப்ப எங்களுக்கும் ரயிலுக்கும் அறிமுகமில்ல சார்" என்றார் ஃபின்லே.

"சரி, இப்ப யாரு ஏறப்போறது?"

அதை யாரும் யோசிக்கவில்லை. சந்தை வடக்கே, ரயில் தெற்கே. இன்வர்நெஸில் யாருக்கும் ஒரு வேலையும் கிடையாது. கார்டு விசிலை வாயில் வைத்தார்.

ராப் இஷ்பெலின் முதுகில் கை வைத்தார். "நீ ஏறு."

"கடை?"

"டீ ஊத்த எனக்குத் தெரியாதா? ஏறு."

ஏப்ரனோடு ஏறினாள். அவள் பின்னால் ஃபின்லே ஏறினார், "வேனுக்கு ஒரு சாமான் வாங்கணும்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு. பிறகு ராப்பைத் தவிர ஒருவர் மிச்சமில்லாமல் ஏறினார்கள். தன் கொல்லைக்கொடியை இஷ்பெல் முதல் தடவையாக ரயிலுக்குள்ளிருந்து பார்த்தாள். துணி காய்ந்திருந்தது.

ஹால்டேன் எதிரே உட்கார்ந்தார். "இந்த ஊருக்கு ரயில் வேண்டாம்னு காலைல முடிவே பண்ணிட்டேன்மா. கூட்டமா வந்து நின்னு வழியனுப்பி வெக்கறாங்கன்னு நெனச்சேன்."

"இப்போ?"

"நிறுத்தம் இருக்கும். குளிர்காலத்துக்கும் சேத்து. நான் எழுதிடறேன்."

இஷ்பெல் மறுபடி அழுதாள். இந்தத் தடவை சத்தமே வரவில்லை, ஊரார் அதைக் கண்டுதான் பயந்தார்கள்.

சாயங்கால ரயிலில் திரும்பும்போது கார்டுக்கு மூச்சு முட்டியது. பேக்கரிக்காரர் போய், "கில்டோரன்ல எறங்கணும்" என்றார். பாதிரியாரின் மனைவி போய்ச் சொன்னார். ஃபின்லே இரண்டு தடவை சொன்னார். இன்னொருவர் சொல்லிக்கொள்வார் என்று ஒருவரும் விடவில்லை.

"நீ சொல்லலையா?" ஃபின்லே இஷ்பெலைக் கேட்டார்.

"நான் எதுக்கு? அதான் நீங்கல்லாம் இருக்கீங்கல்ல" என்றாள். மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏரி வளைவில் ரயில் வேகம் குறைந்தது. பிளாட்பாரத்தில் ராப் தனியாக நின்றிருந்தார். ஏற வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனாலும் பாத்திரம் துடைக்கும் துணியோடு கையை நீட்டிக்கொண்டு நின்றார்.