ஆறு இரவு, ஐந்து பெயர்

ஒத்திகை தொடங்கும் முன் நெஸ் மெல்டிரம் நாடகப் பிரதியின் பக்கங்களை எண்ணுவார். கட்டைவிரலால் ஒவ்வொரு தாளின் மூலையையும் தேய்த்துக்கொண்டே போவார். புதுத் தாள் வந்தால் விரல் நின்றுவிடும். உருவி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படித்து, மேல் மூலையில் பென்சிலால் தேதி போட்டுத் திரும்பச் செருகுவார். நாடகங்களை எழுதிய பள்ளி ஆசிரியர் டூகல்ட் ரென்னிக்கு, யாரிடமும் சொல்லாமல் பக்கங்களை மாற்றி வைக்கும் பழக்கம் இருந்தது. ஒரு தாளும் நெஸ்ஸின் விரலுக்குத் தப்பியதில்லை.

பகலில் அந்த அம்மாள் ஸ்காட்லாந்தின் பிட்கார்வி ஊர்த் தபால் அலுவலகக் கவுன்டரில் இருந்தார். செவ்வாய்க்கிழமை மாலைகளில், இருபத்திரண்டு வருடமாக, எங்கள் நாடகக் குழுவின் பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுத்தார். மேடையில் ஒருமுறைகூட ஏறியதில்லை. 1987ஆம் வருட நாடகத்தில் நான் நீதிமன்ற எழுத்தர். மொத்தமே இரண்டு வரி. மீதி நேரமெல்லாம் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அது கிரிஸல் பான்டனின் கதை. 1643இல் எங்கள் ஊரில் சூனியக்காரி என்று பிடிக்கப்பட்டவள். ஆறு இரவு தூங்கவிடவில்லை. ஏழாம் நாள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். ரென்னியின் நாடகத்தில் அவளுக்கு முப்பது வயது, ஒரு காதலன் உண்டு, எடின்பரோவிலிருந்து வந்த சிப்பாய்கள் அவளைக் காவல் காக்கிறார்கள். நெஸ், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் திருச்சபையின் பழைய பதிவேட்டைப் படித்துவிட்டு வந்தார்.

"அவளுக்கு அறுபத்தெட்டு வயசு டூகல்ட். காதலனைக்கூட விட்டுடறேன். ஆனா சிப்பாய் ஒருத்தனும் வரல. நம்ம ஊர் ஆளுங்கதான் ராத்திரிக்கு ஒருத்தரா முறை போட்டு உக்காந்து அவளைத் தூங்கவிடாம பாத்துக்கிட்டாங்க. பேரெல்லாம் எழுதி வச்சிருக்கு."

"சரித்திரம் வேணும்னா ஜனங்க நூலகத்துக்குப் போவாங்க, நெஸ். டிக்கெட் எடுத்து வர்றவனுக்கு வில்லன் வேணும்."

"அது உள்ளூர்லயே அஞ்சு பேர் கிடைக்கறாங்களே," என்று அவர் பெயர்களை வாசித்தார். கடைசிப் பெயர் வில்லியம் கார்ஸ்டேர்ஸ்.

அதே பெயர்கொண்ட, சபை மூப்பராக நடித்த மீன் வியாபாரி வில் கார்ஸ்டேர்ஸ் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏம்மா நெஸ், என்மேல உனக்கு என்ன கோவம்? நாறுன மீன் ஏதாவது கொடுத்தேனா?"

"நல்ல மீன்தான் வில். முள்ளுதான் கொஞ்சம் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். கார்ஸ்டேர்ஸ் சிரிக்கவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி நீ டியூரி வீட்டுப் பொண்ணுதானே? உங்காளுங்க யாரும் அந்தப் பட்டியல்ல இல்லையாக்கும்?"

"போய்ப் படிச்சுப் பாரு. கதவு திறந்துதான் இருக்கு."

யாரும் போகவில்லை. நான் மட்டும் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆறு இரவு, ஐந்து பெயர். ஒருவரை அவர் மறைக்கிறார். அன்றிலிருந்து நான் பார்த்தது நாடகத்தை அல்ல, அவர் கைகளை.

அடுத்த வாரம் எல்லோருடைய பிரதியிலும், 'சிப்பாய்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஐந்து பெயர்கள் பென்சிலில் இருந்தன. ஒளிவுமறைவில்லை, தேதியும் போட்டிருந்தார். ஒத்திகை நடந்த ஊர் மன்றத்துச் சமையலறைக்கு அவரை அழைத்தார்கள். அவர் கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரென்னி, கார்ஸ்டேர்ஸ், கிரிஸலாக நடித்த எய்லி பிராட் மூவரும் நின்றுகொண்டு அரைமணி நேரம் ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். இதில் உனக்கு என்ன லாபம்? நான் கதவருகே கோப்பைகளைத் துடைப்பதுபோல நின்றேன். அவர்கள் சந்தேகப்பட்டது சரிதான் என்றே எனக்கும் தோன்றியது.

கடைசியில் ரென்னி கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, ஊர்க்காரங்கன்னே வச்சுக்குவோம். அதுல மனசு இளகுன ஒருத்தியாவது இருந்தா சொல்லு, அவளை வச்சு எழுதறேன். ஜனங்க அழுதுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போவாங்க. அப்படி யாராவது உண்டா?"

நெஸ் ஆறிப்போன டீயைப் பார்த்தார். "நான் அஞ்சு பேர் சொன்னேன்."

"அப்ப சிப்பாய்ங்கதான். பிரதியில இன்னொரு பேர் எழுதினா, அந்த முக்காலி உனக்கில்ல."

"இனி எழுதமாட்டேன்," என்றார் நெஸ்.

சனிக்கிழமை மதியம் மன்றம் நிறைந்திருந்தது. கார்ஸ்டேர்ஸ் வசனத்தை மனப்பாடம் செய்கிற ஆளே இல்லை. பக்கத்திரையிலிருந்து என்ன வருகிறதோ அதை அப்படியே உரக்கச் சொல்லிவிடுவார். பல வருட வழக்கம். நீதிபதி கேட்டார்: "இவளைக் காவல் காத்தது யார்?" கார்ஸ்டேர்ஸ் வழக்கம்போல ஓரக்கண்ணால் பக்கத்திரையைப் பார்த்தார். எழுத்தரின் மேசையிலிருந்து எனக்கு நெஸ் தெரிந்தார். பிரதி மடியில் மூடிக் கிடந்தது.

"ஆண்ட்ரூ ஆர்கோ," என்று மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

"ஆண்ட்ரூ ஆர்கோ!" என்று முழங்கினார் கார்ஸ்டேர்ஸ்.

தாமஸ் கில்டி. யூஃபம் லைல். பேட்ரிக் வீம்ஸ். ஒவ்வொரு பெயருக்கும் மன்றத்தின் ஏதோ ஒரு வரிசையில் அந்தக் குடும்பத்துத் தலை ஒன்று நிமிர்ந்தது. ஐந்தாவதைச் சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது தன் பெயர் என்பது கார்ஸ்டேர்ஸுக்கு உறைத்தது. வாய் திறந்தபடியே நின்றார். அடுத்த வரி என்னுடையது.

"எழுதியாயிற்று, ஐயா," என்றேன்.

திரை விழுந்ததும் ரென்னி பிரதியைக் கேட்டார். நெஸ் கொடுத்துவிட்டு, முக்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுப் போனார். அதன்பின் எந்த நாடகத்துக்கும் அவர் வரவில்லை. கார்ஸ்டேர்ஸ் தபால்தலை வாங்க ஆறு மைல் தள்ளிப் பக்கத்து ஊருக்குப் போக ஆரம்பித்தார். டியூரி குடும்பத்து ஆளை மறைத்துக்கொண்டு மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் மறுத்ததில்லை.

அடுத்த வசந்தத்தில்தான் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போய்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். ஆறாவது பெயர் இருந்தது. மூன்றாம் இரவுக்குரியது: கிறிஸ்டியன் டியூரி, விதவை. கைதியின் தலையைத் தன் மடியில் சாய்த்து ஒரு மணி நேரம் தூங்கவிட்டதற்காக, மூன்று ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாக்குத் துணி உடுத்திச் சபை முன்னால் நிற்க வைத்திருக்கிறார்கள்.