ஒற்றைக்கை கொத்தனாரை முதலில் சொன்னது யார்?

என் அண்ணியைப் பிள்ளைகள் 'ஆதாரம் டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது என்றால்கூட, "முதல்ல சொன்னது யாரு?" என்று கேட்கிற ஆள். என் அண்ணன் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறானோ!

ஒன்பது வருடமாகத் தற்காலிக வரலாற்று ஆசிரியை. அதே பள்ளியில் கணினி அறைக்குப் பொறுப்பு நான். வாரம் ஒருநாள் அண்ணி அங்கே வந்து, ஊர் வரலாற்றை இணையத்தில் தேடக் கற்றுக்கொடுப்பார். "பத்துத் தளத்துல இருந்தா பத்து சாட்சின்னு நினைக்காதீங்க. ஒருத்தரைப் பார்த்து ஒன்பது பேர் காப்பி அடிச்சிருப்பாங்க. முதல்ல எழுதினது யாருன்னு பாருங்க" என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தேடியது, ஊர்த் தண்ணீர்க் கோபுரத்தைக் கட்டிய ஒற்றைக்கை கொத்தனாரை. வெள்ளிக்கிழமை அவருக்கு நகராட்சி கல்வெட்டு திறக்கப்போகிறது. யோசனை எங்கள் தலைமையாசிரியருடையது. அதே மேடையில் அண்ணியின் பணி நிரந்தர ஆணையையும் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

"டீச்சர், எல்லாமே ஒரே பக்கத்துலேர்ந்துதான் வந்திருக்கு" என்றாள் ஒருத்தி. பிடித்தால் விடமாட்டாள் என்பதால் அவளுக்குக் 'கொக்கி' என்று பெயர். "ஒன்பது வருஷம் பழசு."

எட்டிப் பார்த்தேன். பச்சைப் பின்னணி போட்ட அந்தப் பக்கத்தைச் செய்தவளே நான்தான்! அண்ணி சேர்ந்த புதிதில், பொய்யைக் கண்டுபிடிக்கப் பழக்குவதற்காக ஒன்பது உண்மையோடு ஒரு பொய்யைக் கலந்து எழுதிக் கொடுத்தார். அந்தப் பொய்தான் கொத்தனார். வகுப்பு முடிந்ததும், "அப்புறமா எடுத்துடறேன் அண்ணி" என்றேன். எடுக்கவேயில்லை; ஒன்பது வருடத்தில் இருவருமே அதை மறந்தும் போனோம்.

"இப்பவே அழிச்சிடறேன்" என்று அண்ணியின் காதில் கிசுகிசுத்தேன். "வெள்ளிக்கிழமை மட்டும் தாண்டட்டும்."

அண்ணி பதில் சொல்வதற்குள் தலைமையாசிரியர் வாசலில் நின்றார். "என்ன டீச்சர், நம்ம கொத்தனாரைப் பத்தி என்ன கிடைச்சுது?"

முப்பத்துநாலு பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். கொக்கி பக்கத்தின் அடியில் இருந்த அண்ணியின் பெயர்வரை படித்துவிட்டாள் போலிருக்கிறது. சட்டென்று நோட்டால் திரையை மறைத்தாள். "இன்னும் தேடிட்டிருக்கோம் சார்."

அண்ணியின் முகம் வெளிறிப்போனது. தனக்காக ஒரு பிள்ளை பொய் சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை.

"நோட்டை எடு" என்றார். "முதல்ல எழுதினது யாருன்னு சத்தமா படி."

"வேணாம் டீச்சர்."

"படிம்மா."

கொக்கி படித்தாள். பாதியிலேயே அழுதுவிட்டாள். அண்ணியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார், என் பங்கைத் தவிர. தலைமையாசிரியருக்கு முகம் சிவந்தது.

"கல்லுல பொறிச்சாச்சு டீச்சர்! வேணும்னே என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்களா?"

என் பங்கை நானும் சொல்லவில்லை. எனக்கும் அங்கேதானே வேலை, போய்விடுமோ என்ற பயம்! இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

வெள்ளிக்கிழமை விழாவும் நடக்கவில்லை, ஆணையும் வரவில்லை. அண்ணி திருத்தி வைத்த கொக்கியின் கட்டுரை கணினி அறை மேசையில் கிடந்தது. கடைசி வரி: 'கொத்தனார் கற்பனை. பக்கத்தை எடுக்க மறந்தது தவறுதான், வேண்டுமென்று செய்ததல்ல. ஆதாரம்: டீச்சரே சொன்னார்கள்.'

அதன் கீழே அண்ணி சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'ஒரு ஆதாரம் போதாது. இரண்டாவது எங்கே?'

பேனாவை எடுத்தேன். 'எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு எடுக்காமல் விட்டவள் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோனேன்.