இடது தோள் வலி

ஏலக்காட்டுச் சரிவில் என் மனைவி வழுக்கி விழுந்தபோது காலை ஒன்பது மணி பத்து நிமிடம். இடது விலா ஒரு கல்லில் மோதியது. தானே எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு நடந்து வந்தாள். விலாவில் நான்கு விரல் அகலத்துக்குக் கன்றியிருந்தது. வேறு காயம் இல்லை.

பத்தரைக்கு இடது தோள் வலிக்கிறது என்றாள். எங்கள் எஸ்டேட்டில் விழுந்தவருக்குத் தோள் வலித்தால் அது சுளுக்கு. பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் சுளுக்கு உருவுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். ஆஸ்பத்திரியோ போடிமெட்டு தாண்டி மலைக்குக் கீழே. அவளைக் கூப்பிட்டது நான்தான். முப்பத்தொரு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவன்.

அவள் விளக்கெண்ணெயைச் சூடாக்கி, தோளிலிருந்து விலா வரை அழுத்தி உருவினாள்.

"பல்லக் கடிச்சுக்கிடுங்க மதினி. பிடிப்பு விலாவுக்குள்ள எறங்கியிருக்கு."

"தோளு எங்கயும் படலயே," என்றாள் மனைவி. "அது ஏன் வலிக்கணும்?"

பதினோராவது தடவை உருவும்போது மனைவியின் முகம் வெளுத்து, நெற்றி வியர்த்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினேன். தொண்ணூற்றாறு. கால் மணி கழித்து நூற்றுப் பதினான்கு.

"போதும்மா, கைய எடு."

"இன்னும் அஞ்சு தடவதாண்ணே. நீங்க எண்ணிக்கிட்டே இருந்தா சுளுக்கு பயந்து ஓடிருமாக்கும்?"

"கைய எடுன்னேன்!"

போடியிலிருந்து காலையில் ஆள் ஏற்றிவந்த ஜீப் ரோட்டோரம் நின்றிருந்தது. மனைவியைப் பின்சீட்டில் கிடத்தினோம். உருவியவளும் ஏறி, மனைவியின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். மலை இறக்கத்தில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் மனைவி தண்ணீர் கேட்டாள். பன்னிரண்டாவதில் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஸ்கேனில், மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருப்பது தெரிந்தது. அந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம்.

"வயித்துப் பக்கம் யாராவது அமுக்கினீங்களா?" என்றார் டாக்டரம்மா.

உருவியவள் தரையைப் பார்த்தாள்.

"நான்தான் அமுக்கச் சொன்னேன்," என்றேன்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு அறுவைக்கு எடுத்துப் போனார்கள். இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆனது. மண்ணீரலை எடுத்துவிட்டார்கள்; உயிர் தங்கிவிட்டது.

"அது இல்லாம இருக்க முடியுமாம்மா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"இருக்கலாம் ஐயா. பழைய சிவப்பணுவ வடிகட்டுறதும், ரத்தத்துல வர்ற கிருமியப் பிடிக்கிறதும் அதோட வேலை. வடிகட்டுறத கல்லீரல் பாத்துக்கும். கிருமி விஷயத்துலதான் முழுசா ஈடுகட்ட முடியாது. தடுப்பூசி போடுவோம். அப்புறமும் காய்ச்சல் வந்துச்சுன்னா, காலையில பாத்துக்கலாம்னு வீட்ல வெச்சிருக்காதீங்க. உடனே கூட்டிட்டு வந்துரணும்."

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியைத் தயங்கித்தான் கேட்டேன். "அமுக்கினதுலதான் கிழிஞ்சுதா?"

"விழுந்தப்பவே கிழிஞ்சிருக்கும். அமுக்கினதுல கிழிசல் கூடியிருக்கலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது."

வெளியே வந்தேன். உருவியவள் பெஞ்சில் எண்ணெய்க் கைகளை முந்தானையில் சுற்றி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"அண்ணே, என் கையினாலயா?"

"விழுந்தப்பவே கிழிஞ்சிருச்சாம்," என்றேன்.

மீதியை அவளிடம் சொல்லவில்லை. மனைவியிடமும் இன்றுவரை சொல்லவில்லை.